ஏர்னஸ்ற் வலன்ரீனொவிச்

பலெர்மோவில் ஏர்னஸ்றை முழுப் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்ட ஆள் ஒரேயொருவர்தான். எண்பத்துநாலு வயது ரஷ்ய அம்மா. மற்றவர்களுக்கு அவன் வெறும் எர்னெஸ்தோ. பல்லரோச் சந்தை மீன்காரன் அதிலும் பாதியை விழுங்கிவிட்டு "எர்னே!" என்று கத்துவான். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்றால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவன் "வலந்தீனே!" என்று தகப்பன் பெயரை எடுத்துக் கூப்பிடுவான். அது தன்னைத்தான் என்று எழும்பிப் போக ஏர்னஸ்றுக்கு இரண்டு மூன்று வருசப் பழக்கம் தேவைப்பட்டது.

நீனா அம்மா வீட்டில் மட்டும் வேறு கதை. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடி. காலை எட்டு மணிக்குத் திறப்பைப் போட்டுக் கதவைத் திறக்கும்போதே உள்ளறையிலிருந்து குரல் வரும்.

"ஏர்னஸ்ற் வலன்ரீனொவிச், வந்துவிட்டீர்களா?"

"ஓம், நீனா வலன்ரீனொவ்னா. வந்திட்டன்."

இருவரும் கதைப்பது இத்தாலியனில்தான். இத்தாலியனிலும் நீ, நீங்கள் உண்டு. வீட்டுவேலைக்கு வருகிறவனை அந்த ஊரில் யாரும் நீங்கள் என்று கூப்பிடுவதில்லை. இந்த அம்மா ஒருத்திதான் கூப்பிட்டார். அந்த "நீங்கள்" என்ற சொல்லையும் அந்த நீளப் பெயரையும் கேட்பதற்காகவே ஏர்னஸ்ற் தொண்ணூறு படி ஏறி வந்தான் என்று சொன்னாலும் பிழையில்லை. ஆனால் அந்தப் பெயர் பொய். பொய்யென்று தெரிந்துகொண்டே ஆறு வருசம் "ஓம்" போட்டவன் அவன்.

ஆறு வருசத்துக்கு முந்திய முதல் நாளைச் சொல்ல வேண்டும். நீனா அம்மாவின் மகள் மரீனா சாப்பாட்டு மேசையில் அவனுடைய பத்திரங்களைப் பரப்பிவைத்து வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தாள். மரீனாவின் புருசன் வழக்கறிஞர். எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டும் என்கிற வீடு. நீனா அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது?"

"எர்னெஸ்தோ எண்டு கூப்பிடுங்கோ, சிஞ்ஞோரா."

"அது நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி. முழுப் பெயரைச் சொல்லுங்கள்."

"மம்மா, தொடங்காதேங்கோ," என்றாள் மரீனா.

மம்மாவா கேட்பார்? தொடங்கிவிட்டார். முப்பது வருசம் பியானோ படிப்பித்த விரல்களால் மேசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிக் காட்டினார். "எங்களில் ஓர் ஆளுக்கு மூன்று பெயர். முதலாவது அவருடைய சொந்தப் பெயர். இரண்டாவது அப்பா பெயர். மூன்றாவது குடும்பப் பெயர். பத்திரங்களில் குடும்பப் பெயரைத் தூக்கி முன்னுக்குப் போடுவார்கள். அது அரசாங்கத்துக்கு. மனிசருக்கு முதல் இரண்டும்தான். மதிக்கிற ஆளை அவர் பெயரும் அப்பா பெயரும் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். வெறும் பெயர் குழந்தைகளுக்கு. வெறும் குடும்பப் பெயர் சிறையில் கிடக்கிற மறியல்காரருக்கு."

ஏர்னஸ்றுக்கு அரை நிமிசத்தில் விளங்கிவிட்டது. இத்தாலியர்களுக்குப் பதினொரு வருசமாகச் சொல்லியும் விளங்காத விசயம் இது. "எங்களிலையும் அப்பிடித்தான் சிஞ்ஞோரா. எங்களுக்கு அப்பா பேர் முன்னுக்கு, எங்கடை பேர் பின்னுக்கு. குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை. இஞ்சை கந்தோரிலை அப்பா பேரைத்தான் குடும்பப் பேர் எண்டு பதிஞ்சு வைச்சிருக்கினம்."

"அப்படியென்றால் நீங்கள் எங்கள் ஆள்! அப்பா பெயர் என்ன?"

அவன் அப்பா பெயர் லூர்து. அந்தப் பெயர் நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. மரீனாவின் பேனை அவனுடைய பெர்மெஸ்ஸோவின் மேல் நின்றது. பெரிய எழுத்தில் அங்கே கிடந்தது வேறு பெயர். அவன் லூர்துவை விழுங்கினான்.

"வலன்ரைன்," என்றான்.

நீனா அம்மா கையைத் தட்டினார். "வலன்ரீன்! என் அப்பாவும் வலன்ரீன்! நான் நீனா வலன்ரீனொவ்னா ரியாபொவா. மகள் என்றால் வலன்ரீனொவ்னா, மகன் என்றால் வலன்ரீனொவிச். பார் மரீனா, நாங்கள் இரண்டு பேரும் ஓர் அப்பாவின் பிள்ளைகள் மாதிரி!"

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டுக்கொண்டார். வேலையாக லெனின்கிராட் வந்த பலெர்மோ எஞ்சினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து ஏறக்குறைய அறுபது வருசம். வாசல் தகட்டில் புருசன் வீட்டுப் பெயர். அடையாள அட்டையில் அப்பா பெயருக்குக் கட்டமே இல்லையென்று வெட்டிவிட்டார்கள். "கல்யாணம் கட்டினால் எங்களில் குடும்பப் பெயர் மாறும். அப்பா பெயர் மாறாது, கல்லறை வரைக்கும் வரும். இந்த ஊரில் என் அப்பாவின் பெயரை ஒருத்தரும் வாயால் சொன்னதில்லை. நீங்கள் சொல்வீர்களா?"

"சொல்லுறன், நீனா வலன்ரீனொவ்னா," என்றான் ஏர்னஸ்ற். அந்த அம்மாவின் கண் கலங்கியது.

வலன்ரைன் யார் என்றால், அவனுக்குப் பெரியப்பா முறை. லூர்துவின் ஒன்றுவிட்ட அண்ணன். தொண்ணூறுகளிலேயே பலெர்மோ வந்து கால்சாப் பக்கம் வீடெடுத்துக் காலூன்றிய மனிசன். இலங்கையில் சண்டை திரும்பத் தொடங்கிய இரண்டாயிரத்து ஆறில் ஏர்னஸ்றுக்குப் பதினேழு வயது. மன்னாரில் பொடியன்களை வீட்டில் வைத்திருப்பதே பயமாக இருந்த நேரம். பதினெட்டுக்குக் கீழே என்றால் இத்தாலியில் இருக்கிற தகப்பன் பிள்ளையைக் கூப்பிடலாம், சட்டம் அப்படி. வலன்ரைனுக்கு ஆண்பிள்ளை இல்லை. பிறப்புச் சான்றிதழ் ஒன்று புதிதாகப் பிறந்தது. அதில் ஏர்னஸ்ற் வலன்ரைனின் மகன்.

பேசாலைக் கடற்கரையில் மீன்பிடிக்கிற லூர்து காட்டின இடமெல்லாம் கையெழுத்து வைத்தார். பஸ் ஏற்றிவிட வந்தபோது மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆரும் கேட்டா என்ரை பேரைச் சொல்லிப்போடாதை மகன். உயிரோடை இருந்தியெண்டா அது காணும். பேராம் பேர், கத்தரிக்காய்ப் பேர்."

அதற்குப் பிறகு அவன் அரசாங்கத்துக்கு வலன்ரைன் மகன். ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் முழுக்க உண்மை தெரிந்ததுதான். ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். தெரியாதது பத்திரத்துக்கு மட்டும். அவனுக்கும் அகஸ்ரீனாவுக்கும் பிறந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே அவளும் வலன்ரைன். அந்தப் பிள்ளைக்குத் தன் அப்பப்பாவின் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை.

நீனா அம்மாவிடம் இரண்டாம் கிழமையே உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலில் பயம். அவனுடைய குடியுரிமை விண்ணப்பத்தை மரீனாவின் புருசன்தான் எழுதிக் கொடுத்து அலைந்துகொண்டிருந்தார். தகப்பன் பெயர் பொய்யென்று அந்த வீட்டுக்குள் ஒரு சொல் விழுந்தால் விண்ணப்பமும் போச்சு, பெர்மெஸ்ஸோவும் போச்சு, பிள்ளையின் படிப்பும் போச்சு. அது நியாயமான பயம், அதில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் சொல்லாமல் விட்டது பயத்தால் மட்டுமில்லை, அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்துவிட்டது. வலன்ரீனொவிச் என்று கேட்கும்போது யாரோ டொக்டரைக் கூப்பிடுவது போலிருக்கும். தோள் தன்பாட்டில் நிமிரும். ஒருநாள் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே, அப்பாவின் பெயரைப் போட்டால் எப்படியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். "ஏர்னஸ்ற் லூர்தொவிச்." சொல்லிவிட்டுச் சிரித்தான். பகிடியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பேசாலையிலிருந்து அழைப்பு வந்தது. "சாப்பிட்டியா மகன்?" என்றார் லூர்து. பின்னாலே கடல் இரைந்தது. "லைன் சரியில்லை அப்பா, பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டான். லைனுக்கு ஒரு குறையுமில்லை.

நீனா அம்மாவின் கதை தெரிந்த பிறகு அவன் இன்னும் கூனிப்போனான். ஒரு பின்னேரம், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி போட்ட மனிசனின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதுதான் அப்பா வலன்ரீன். நீனாவுக்குப் பத்து வயதில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வடக்கே எங்கோ முகாமில் முடிந்துபோனார். அம்மா வேறு கல்யாணம் கட்டினாள். வந்தவர் பியோதர், நல்ல மனிசன். பிள்ளைக்குத் தன் பெயரைத் தருகிறேன் என்றார். நீனா பியோதரொவ்னா என்று பதிந்தால் மறியல்காரனின் மகள் என்ற கறை போய்விடும், சங்கீதக் கல்லூரியில் இடம் கிடைக்கும்.

"பதினாறு வயதில் முதல் பாஸ்போர்ட். கந்தோரில் இருந்த பெண் கேட்டாள், அப்பா பெயர் என்ன என்று. அம்மா என் கையைக் கிள்ளினாள். நான் வலன்ரீன் என்றேன். இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரமும் சொன்னேன். கல்லூரியில் இடம் தரவில்லை. மேடையேற வேண்டியவள் பிள்ளைகளுக்கு ஸ்வரம் படிப்பித்தே கிழவியானேன்." நீனா அம்மா சிரித்தார். "ஆனால் அப்பா என்னோடு இருக்கிறார். இல்லையா, ஏர்னஸ்ற் வலன்ரீனொவிச்?"

ஏர்னஸ்ற் துணியைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய், காலையில் தண்ணீர் விட்ட செடிகளுக்கு இன்னொரு தரம் தண்ணீர் விட்டான்.

போன வருசத்துக் கடைசியில் நீனா அம்மா இரண்டு தடவை காஸ் அடுப்பை நூர்க்க மறந்தார். மரீனா அவனைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "எர்னெஸ்தோ, நல்லாக் கவனி. அம்மாவுக்கு ஆக்களின்ரை பேர் மாறத் தொடங்கினா உடனே எனக்குச் சொல்லு. டொக்டர் அதைத்தான் முக்கியமாப் பார்க்கச் சொன்னவர். அப்பிடியெண்டா இனித் தனிய விட ஏலாது, இல்லத்திலை விட வேணும்." மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடமும் பார்த்து வைத்திருந்தாள். நீனா அம்மாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் வெளிறும். அங்கே பியானோ இல்லை. மூன்று பேருக்கு ஓர் அறை.

மார்ச் மாதம் லூர்து செத்துப்போனார்.

காலை பத்து மணி, பல்லரோவில் நீனா அம்மாவுக்குச் சாளை மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது தங்கச்சி அனிற்றா எடுத்தாள். "அண்ணா, அப்பா போயிட்டார். படகிலையிருந்து இறங்கேக்கை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர், எழும்பேல்லை." அவள் அழுதாள். அவனும் அந்தச் சந்தை இரைச்சலுக்குள் நின்று அழுதான். நாளைக்கே அடக்கம், ரிக்கற் எடுத்தாலும் போய்ச் சேர முடியாது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த விசயத்துக்கு வந்தாள். மரண அறிவித்தல். எங்களில் அது இல்லாமல் சாவில்லை: படம், பிறந்த ஊர், யாருக்கு மகன், யாருக்குப் புருசன், யாருக்குத் தகப்பன், கடைசியில் தொடர்புக்கு இன்னார் இன்ன உறவு என்று உலகமெல்லாம் பார்க்க இன்ரநெற்றில் போட வேண்டும்.

"வலன்ரைன் பெரியப்பா சொல்லுறார், உங்களை மகன் எண்டு போட வேண்டாமாம். ரெண்டு மாசத்திலை உங்களுக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணமாமே. இது இன்ரநெற்றிலை அழியாமல் கிடக்கும், எரிச்சல் பிடிச்ச ஆரும் மொட்டைக் கடிதத்தோடை சேர்த்து அனுப்பினா எல்லாம் முடிஞ்சிடும் எண்டார். பெறாமகன் எண்டு போடட்டாம். போடட்டோ அண்ணா?"

பெறாமகன். சகோதரன் மகனுக்கு எங்களில் அதுதான் முறைப்பெயர். பெரியப்பாவுக்கு அவன் உண்மையில் பெறாமகன். இப்போது பெற்ற தகப்பனுக்குப் பெறாமகன். மீன்காரன் "எர்னே, தலையை வெட்டவோ, வேண்டாமோ?" என்று கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஓம்," என்றான் ஏர்னஸ்ற் தங்கச்சிக்கு. "அப்பிடியே போடு."

மீனோடு மேலே போனபோது அவன் முகத்தை நீனா அம்மா கண்டுபிடித்துவிட்டார். "யார்?" என்று மட்டும் கேட்டார். அப்பா என்று சொல்லலாமா? அப்பா வலன்ரைன் கால்சாவில் உயிரோடு, சுகமாக இருக்கிறார். பத்திரத்தில் தகப்பன் செத்தால் மூன்று நாள் லீவு கிடைக்கும். இல்லாத சாவுக்கு எங்கே லீவு?

"சித்தப்பா," என்றான் ஏர்னஸ்ற். "லூர்து எண்டு பேர்."

நீனா அம்மா எழும்பினார். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வொட்கா ஊற்றி, அதன் மேல் ஒரு துண்டு கறுப்புப் பாண் ரொட்டியை வைத்து, அப்பாவின் படத்துக்குக் கீழே அலுமாரியில் வைத்தார். நாற்பது நாளும் ஆத்துமா வீட்டுக்குள் வந்து போகும், அது வரைக்கும் இது இருக்க வேண்டும் என்றார். அதோடு விட்டாரா? "உங்கள் அப்பாவுக்குத் தம்பியல்லவா. எவ்வளவு துக்கமாக இருக்கும். எடுங்கள் போனை, நான் அவரோடு ஒரு சொல் கதைக்க வேண்டும்."

"வேண்டாம் நீனா வலன்ரீனொவ்னா, அவர் இப்ப..."

"எடுங்கள்."

எடுத்தான். நீனா அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வலன்ரீன், என் பெயர் நீனா. உங்கள் சகோதரருக்காக நான் அழுகிறேன். உங்கள் மகன் பொன்னான பிள்ளை, உங்கள் பெயரைக் காப்பாற்றுகிறவர்," என்றார். மறுபக்கத்தில் பெரியப்பா "கிராற்சியே, சிஞ்ஞோரா. கிராற்சியே," என்று திக்கித் திக்கி நன்றி சொல்வது அவனுக்குக் கேட்டது. போன் கைக்குத் திரும்பி வந்ததும் வலன்ரைன் தமிழில் விம்மினார்: "டேய், உன்ரை அப்பன்ரை சாவுக்கு நான் துக்கம் வாங்கிறன்ரா. இதென்ன சீவியமடா?"

ஏர்னஸ்றுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அடுத்த நாள் அடக்கத்தைக் குசினியில், சீனிப் பேணியில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தான். மண் போடுகிற நேரம் சுவாமியார் "மகன் இல்லையோ?" என்று கேட்டார். யாரோ ஒரு கிழவர் "இத்தாலியிலை நிக்கிறான் சுவாமி," என்றார். அனிற்றா தனியே ஒரு பிடி போட்டாள். பிறகு அண்ணனுக்கென்று இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள்.

நாற்பதாம் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. நீனா அம்மா காலையிலேயே கறுப்புச் சட்டை போட்டு, தேனும் முந்திரிகை வற்றலும் போட்டுச் சோறு சமைப்பித்து, மேசைக்கு வெள்ளை விரித்திருந்தார். சித்தப்பாவின் படம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஏர்னஸ்றிடம் வேறு படம் இல்லை. மரண அறிவித்தலைக் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான்.

நீனா அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "எழுத்து அழகாக இருக்கிறது. வாசியுங்கள். பெயர்களை நீங்கள் எந்த ஒழுங்கில் எழுதுவீர்கள் என்று கேட்க ஆசை."

அவன் வாசித்து இத்தாலியனில் சொன்னான். "சூசை லூர்து. சூசை அவரின்ரை அப்பா. காலஞ்சென்ற சூசையின் அன்பு மகன். காலஞ்சென்ற பிலோமினாவின் அன்புக் கணவர். அனிற்றாவின் பாசமிகு தந்தை." நிறுத்தினான்.

"கீழே இருப்பது உங்கள் போன் நம்பர் அல்லவா? பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?"

"அண்ணன்ரை மகன் எண்டு."

நீனா அம்மா தாளிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். பிறகு திரும்பவும் படத்தை. அகலமான நெற்றி, விரிந்த காது, மேலுதட்டின் இடதுபக்கம் மச்சம். அந்த மச்சம் அவனுக்கும் இருந்தது.

"அவர்தான் என்ரை அப்பா," என்றான் ஏர்னஸ்ற். முழுவதையும் சொன்னான்: சான்றிதழ், பஸ், கத்தரிக்காய்ப் பேர், சத்தியப்பிரமாணம், மீன்கடையில் சொன்ன "ஓம்". தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆறு வருசம் நான் உங்களை வேறொருவரின் மகனாகக் கூப்பிட்டேன்," என்றார் நீனா அம்மா கடைசியில். "ஒவ்வொரு நாளும் நீங்கள் ஓம் என்றீர்கள்."

"பயத்திலை, நீனா வலன்ரீனொவ்னா..."

"காரணம் கேட்கவில்லை. காரணம் என் அம்மாவுக்கும் இருந்தது." பிறகு தாளிலிருந்த படத்தைக் கத்தரிக்கோலால் கவனமாக வெட்டியெடுத்து, தன் அப்பாவின் படச் சட்டத்தின் மூலையில் செருகினார். எதிர்க் கதிரையைக் காட்டினார். "ஏர்னஸ்ற் லூர்தொவிச், உட்காருங்கள். உங்கள் அப்பாவுக்காகச் சாப்பிடுவோம்."

அந்தப் பெயரில் இப்போது ஒரு பகிடியும் இல்லை. அவன் கதிரையில் இருந்து, சோற்றில் கை வைத்துக்கொண்டு, ஏங்கி ஏங்கி அழுதான். மரீனாவுக்கு இதைச் சொல்லிவிடாதேங்கோ என்று கேட்க வாய் வந்தது. இந்த நேரத்திலும் அதையா கேட்பது என்று வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மரீனா இனிப்புப் பெட்டியோடு வந்தாள். நீனா அம்மா நல்ல சந்தோசத்தில் இருந்தார். குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏர்னஸ்ற் லூர்தொவிச், எங்களுக்குக் கோப்பி தருவீர்களா?"

"ஆர் மம்மா அது?" என்றாள் மரீனா. "வலன்ரீனொவிச் எண்டெல்லோ கூப்பிடுறனீங்கள்?"

"இல்லை. லூர்தொவிச். அவரையே கேள்."

மரீனா கோப்பித் தட்டோடு வந்து நின்றவனைப் பார்த்தாள். "எர்னெஸ்தோ, உன்ரை அப்பா பேர் வலன்ரைன்தானே? என்ரை மனிசன்தானே உன்ரை பத்திரமெல்லாம் குடுத்தவர்."

சத்தியப்பிரமாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது.

"ஓம் சிஞ்ஞோரா. வலன்ரைன்தான்," என்றான் ஏர்னஸ்ற். அதோடு நிறுத்தியிருக்கலாம், பாவி. நிறுத்தவில்லை. "அம்மாவுக்குக் கொஞ்ச நாளாப் பேர் மாறுது."

நீனா அம்மாவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. அவர் மகளைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்தார். மரீனா வாயைப் பொத்திக்கொண்டு பல்கனிக்குப் போய் டொக்டருக்குப் போன் அடித்தாள்.

டொக்டர் புதன்கிழமைதான் வந்தார். இடையில் இரண்டு முழு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் நீனா அம்மா அவனை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. தேவையானதைக் கையால் காட்டினார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நான் மரீனாவுக்கு எடுத்து உண்மையைச் சொல்லுறன்," என்றான் திங்கள் காலையில்.

"சொல்லுங்கள்," என்றார் நீனா அம்மா.

போனை எடுத்தான், தன் மகளுடைய முகம் கண்ணுக்குள் வந்தது, வைத்தான். செவ்வாய்க்கிழமையும் எடுத்தான், வைத்தான்.

புதன் பின்னேரம் டொக்டர் சாப்பாட்டு மேசையில் தாள்களோடு இருந்தார். பக்கத்தில் மரீனா, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு. இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், எந்தப் பருவம். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டு போங்கள். ஒரு மணிக்கூடு கீறுங்கள். நீனா அம்மா எல்லாவற்றையும் செய்தார், ஒன்றிரண்டு இடத்தில் தடுமாறினார். டொக்டர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனையை வைத்தார்.

"பெயர்கள் மாறுவதாக மகள் சொன்னார். உங்களைப் பார்த்துக்கொள்கிறாரே, இவருடைய பெயர் என்ன?"

ஏர்னஸ்ற் கதவு நிலையில் நின்றான். லூர்தொவிச் என்று உண்மையைச் சொன்னால் டொக்டர் பிழையென்று போடுவார். மலையடிவாரத்து அறைக்கு அது ஒன்று போதும். இது தான் வாய் திறக்க வேண்டிய இடம் என்று அவனுக்கு நல்லாகத் தெரியும். ஒரேயொரு வசனம். வாய் திறக்கவில்லை.

நீனா அம்மா அவனுக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார். பிறகு சுவரில் அப்பாவின் படத்தை ஒரு தடவை பார்த்தார்.

"ஏர்னஸ்ற்," என்றார். "ஏர்னஸ்ற் வலன்ரீனொவிச்."

டொக்டர் மரீனாவைப் பார்த்தார். மரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "மிகவும் சரி," என்று டொக்டர் தாளில் ஒரு சரி போட்டார். வயதுக்கு இது போதும், வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். மரீனா அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். போகும்போது ஏர்னஸ்றின் தோளிலும் தட்டிவிட்டுப் போனாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம் ஓய்ந்தது. நீனா அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மெல்ல நடந்து சுவரடிக்குப் போனார். சட்டத்தின் மூலையிலிருந்து லூர்துவின் படத்தை உருவினார். அதன் ஓரம் மடிந்திருந்ததை விரலால் நீவிவிட்டார். கொண்டுவந்து அவன் கையில் வைத்தார்.

"பதினாறு வயதில் அந்தப் பெண் இரண்டு தரம் கேட்டாள்," என்றார். "அன்றைக்குச் சொல்லாத பொய்யை இன்றைக்குச் சொன்னேன். இதை நீ கொண்டுபோ, எர்னெஸ்தோ."

அவன் படத்தை வாங்கிக்கொண்டான். நீனா வலன்ரீனொவ்னா என்று சொல்ல அவனுக்கு வாய் கூசியது.

"ஓம், சிஞ்ஞோரா," என்றான்.